செய்யும் மேசையில் ஓர் இடம்

ஐந்து பேர் கொண்ட குழு. மேசை மீது பேட்டரி, ஒயர், சிறிய மோட்டார், அட்டை, கத்தரிக்கோல். வானவில் மன்றச் செயல்பாடு நடக்கும் எந்த நடுநிலைப் பள்ளியிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். குழுவில் ஒரு குழந்தைக்குப் பார்வை இல்லை என்றோ, கை நடுங்கும் என்றோ வைத்துக்கொள்வோம். "நீ இதைப் பிடிச்சுக்கோ" என்று அட்டையின் ஒரு முனை அந்தக் குழந்தையிடம் கொடுக்கப்படும். நாற்பது நிமிடமும் அது பிடித்துக்கொண்டே நிற்கும். முடிந்ததும் புகைப்படம் எடுக்கும்போது மட்டும் அதை முன்வரிசைக்குக் கொண்டுவருவோம்.

யாரும் கெட்ட எண்ணத்தில் இப்படிச் செய்வதில்லை. நேரம் குறைவு, பொருள் குறைவு, கத்தரிக்கோல் குத்திவிடுமோ என்ற பயம். ஆனால் பத்தாம் வகுப்பு முடித்து மேல்நிலையில் எந்தப் பிரிவு எடுக்கலாம் என்று கேட்கும் நாளில், "அறிவியல் எனக்குச் சரிப்பட்டு வராது டீச்சர்" என்று அந்தக் குழந்தை தானாகவே சொல்லும். அந்த முடிவு ஆறாம் வகுப்பிலேயே, அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற நிமிடங்களில் எடுக்கப்பட்டுவிட்டது என்பது என் எண்ணம்.

தொழில்நுட்ப முன்மாதிரி செய்வதில் மாற்றுத்திறன் மாணவர்களை எப்படிச் செய்பவர்களாகவே அமர வைப்பது என்பதைப் பற்றித்தான் இக்கட்டுரை. விலை உயர்ந்த ஆய்வகம் எதுவும் இதற்குத் தேவையில்லை. எலக்ட்ரிகல் கடை, தையல் கடை, சைக்கிள் கடை, செல்போன் பழுது பார்க்கும் கடை ஆகிய நான்கும் போதும். கூரம் போன்ற ஊரிலிருந்து காஞ்சிபுரத்துக்கோ உத்திரமேரூருக்கோ பேருந்தில் போய்வரும் தூரத்தில் எல்லாம் கிடைத்துவிடுகின்றன.

முதலில் 'முன்மாதிரி' என்ற சொல். நம் பள்ளிகளில் 'மாடல்' என்றால் கண்காட்சியில் வைப்பதற்காகத் தெர்மாகோலில் அழகாகச் செய்து வண்ணம் பூசிய பொருள். அது முன்மாதிரி ஆகாது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக மலிவாக, அவசரமாக ஒன்றைச் செய்து, எங்கே சொதப்புகிறது என்று கண்டு, பிரித்து, மறுபடி செய்வதுதான் முன்மாதிரி. அழகு அதில் கடைசி விஷயம். இந்த வேறுபாடு மாற்றுத்திறன் மாணவர்களுக்கு மிகவும் சாதகமானது. நேர்த்தியாக வெட்டி ஒட்டுவதில் பின்தங்கும் குழந்தைகூட, எங்கே சொதப்புகிறது என்று கண்டுபிடிப்பதில் முன்னால் நிற்க முடியும்.

கண்காட்சிக் கைத்தடி

மாவட்ட அறிவியல் கண்காட்சிகளில் நடுவராகவோ பார்வையாளராகவோ போனவர்களுக்கு ஒரு பொருள் நன்றாகத் தெரிந்திருக்கும்: 'பார்வையற்றோருக்கான ஸ்மார்ட் கைத்தடி'. ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் முனையில் மீயொலி உணரி, எதிரே சுவர் வந்தால் 'பீப்' என்று கத்தும் பஸ்ஸர். செய்த மாணவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "இதைப் பார்வையற்ற யாராவது கையில் பிடித்து நடந்து பார்த்தார்களா?" பெரும்பாலும் இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு தாங்களே நடந்து பார்த்திருப்பார்கள்.

உண்மையான ஸ்மார்ட் கைத்தடி எப்படி உருவானது என்பதை நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். டெல்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பாலகிருஷ்ணன் வழிகாட்டுதலில் 2005 வாக்கில் மாணவர் திட்டமாகத் தொடங்கிய அந்தக் கருவி, சந்தைக்கு வந்தது 2014இல். அதைத் தயாரித்தது நம் சென்னையில் உள்ள ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம். மின்சுற்று செய்ய இத்தனை ஆண்டுகள் ஆகாது. பயன்படுத்துவோரிடம் கொடுத்து, நடக்கவிட்டு, கேட்டு, மாற்றிச் செய்யத்தான் காலம் ஆனது.

அப்படிக் கேட்டதால் கிடைத்தவை என்னவென்று அந்தக் கருவியைப் பார்த்தாலே தெரியும். சாதாரண வெள்ளைக் கைத்தடி முழங்காலுக்குக் கீழே உள்ள கல், படி, பள்ளம் எல்லாவற்றையும் நன்றாகவே கண்டுபிடித்துவிடுகிறது. அதற்கு மின்னணு உதவி தேவையில்லை. முகத்தில் இடிப்பவை வேறு: தாழ்ந்த மரக்கிளை, நிறுத்தியிருக்கும் லாரியின் பின்பகுதி, வெளியே திறந்திருக்கும் ஜன்னல் கதவு. எனவே அந்தக் கருவி முழங்காலுக்கு மேலே உள்ளதைத்தான் தேடுகிறது. வெள்ளைக் கைத்தடிக்கு மாற்றாக அது வரவில்லை. அதே கைத்தடியின் பிடியில் பொருத்திக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். அறைக்குள் 1.8 மீட்டர், வெளியே 3 மீட்டர் என இரண்டு தூர அளவுகள் அதில் உண்டு. முக்கியமாக, அது கத்துவதில்லை, அதிர்கிறது. பார்வையற்றவர் சாலையைக் கடப்பது காதை நம்பித்தான். அந்தக் காதில் போய் 'பீப் பீப்' என்று கத்தினால் பஸ் வரும் சத்தம் எப்படிக் கேட்கும்? கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்த நம் மாணவருக்கு இது தோன்றாது. பார்வையற்ற ஒரு மாணவி குழுவில் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள்.

சென்னை வித்யாசாகர் அமைப்பின் குழந்தைகளோடு சேர்ந்து அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' என்ற பேச உதவும் கருவியும் இப்படிப்பட்டதே. மூளை முடக்குவாதத்தால் பேச முடியாத குழந்தைகள் படங்களைத் தேர்ந்தெடுத்தால் அது குரலாக வரும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்கும் டி.டி.கே. மையம் 2019இல் கொண்டுவந்த 'அரைஸ்' சக்கர நாற்காலி, அமர்ந்திருப்பவரை எழுந்து நிற்கும் நிலைக்குக் கொண்டுவருகிறது. நாள் முழுதும் உட்கார்ந்தே இருந்தால் புண் வரும், ரத்த ஓட்டம் குறையும் என்பது சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத்தானே முதலில் தெரியும்?

இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் சொல்லலாம். அரசு வழங்கும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களைச் சாலையில் பார்க்கிறோம். அவற்றை ஓட்டுபவர்கள் தங்கள் உடலுக்கு ஏற்ப மேலும் சில மாற்றங்களை மெக்கானிக் கடையில் உட்கார்ந்து செய்துகொள்வதையும் பார்க்கலாம்: ஊன்றுகோல் செருகி வைக்க ஒரு குழாய், கால் வைக்கும் இடத்தை உயர்த்த ஒரு தகடு. ஓட்டுபவர் வண்டியில் ஏறி உட்காருவார், "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்பார், மெக்கானிக் வளைப்பார். பயனாளர் பக்கத்திலேயே உட்கார்ந்து நடக்கும் முன்மாதிரிப் பணி அதுதான். எட்டாம் வகுப்பு மாணவர்களை ஒரு நாள் அங்கே அழைத்துப்போனால் ஒரு மாதப் பாடம் கிடைக்கும்.

ஒரு படி மேலே போகவும் வேண்டும். ஆலோசனை சொல்பவராக மட்டும் ஏன் இருக்க வேண்டும்? லூயி பிரெய்ல் தனக்காகத் தானே செய்தவர். தந்தையின் தோல் பட்டறையில் மூன்று வயதில் கண்ணில் ஊசி குத்திப் பார்வை போனது. 1824இல், பதினைந்து வயதில், புள்ளி எழுத்துமுறையின் வடிவத்தை முடித்துவிட்டார். ராணுவத்துக்காக வேறொருவர் உருவாக்கிய பன்னிரண்டு புள்ளி முறை, விரல் நுனிக்குள் அடங்கவில்லை என்பது தொட்டுப் படித்த அவருக்குத்தான் தெரிந்தது. ஆறு புள்ளியாகக் குறைத்தார். தமிழ் உள்ளிட்ட நம் மொழிகளுக்கான பாரதி பிரெய்ல் 1951இல் வந்தது. அதே 1951இல் அமெரிக்காவில் பெர்க்கின்ஸ் பிரெய்லர் என்ற தட்டச்சு இயந்திரமும் உற்பத்திக்கு வந்தது. அதை வடிவமைத்த டேவிட் ஆபிரகாம், பார்வையற்றோர் பள்ளியில் மரவேலை கற்பித்த ஓர் ஆசிரியர். ஆசிரியர்களுக்கான இதழ் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கூரத்தாழ்வார் பிறந்த ஊர். சோழ மன்னனின் அவையில் கண்களை இழந்தார், அதன் பிறகும் தோத்திரங்கள் இயற்றினார் என்பது வைணவ மரபு. அதனால் இங்கே பார்வையற்ற ஒரு பிள்ளையைக் கண்டால் பெரியவர்கள் இரக்கத்தோடு மரியாதையும் காட்டுவார்கள். நல்லதுதான். ஆனால் இரக்கமும் மரியாதையும் காட்டுகிறவர்கள்கூட அந்தப் பிள்ளையின் கையில் ஸ்குரூ டிரைவரைக் கொடுப்பதில்லை.

மின்சுற்றுப் பாடம், தொட்டுச் செய்யும் விதமாக

ஆறாம் வகுப்பு மின்னியல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். பல்பு எரிந்தால் சுற்று மூடியது, எரியாவிட்டால் திறந்தது என்பதே நாம் காட்டும் சோதனை. இதில் பார்வையற்ற மாணவிக்கு விடையே தெரியாது. பக்கத்தில் இருப்பவர் சொல்வதை நம்ப வேண்டும். பல்புக்குப் பதில் 3 வோல்ட்டில் வேலை செய்யும் பஸ்ஸர் ஒன்றை வைத்தால் விடை காதுக்கு வந்துவிடும். இரண்டு பென்சில் செல் போதும்.

இதைச் செய்யும்போது எல்லாக் குழுக்களுக்கும் பஸ்ஸர் கொடுத்துவிடுங்கள். அவளுக்கு மட்டும் தனியாகக் கொடுத்தால் அது 'அவளுடைய பொருள்' ஆகிவிடும். ஆனால் எட்டுக் குழுவும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டால் எது தன்னுடையது என்று அவளுக்குத் தெரியாது என்பதையும் வகுப்பில் கண்டேன். அதற்குத் தீர்வு செல்போன் பழுது பார்க்கும் கடையில் கிடைத்தது: பழைய போனில் அதிர்வுக்கு இருக்கும் மிகச்சிறிய மோட்டார். அதைச் சுற்றில் இணைத்து விரலில் வைத்தால் சுற்று மூடியது உடனே தெரியும். செவித்திறன் குறைந்த மாணவருக்கும் அதே மோட்டார் பயன்படும். அதன் ஒயர் மயிரிழை போல் இருக்கும். கடைக்காரரிடமே சற்றுத் தடித்த ஒயரைப் பற்றவைத்துத் தரச் சொல்லிவிடுவது நல்லது.

இணைப்புகளுக்கு ஒயரை முறுக்கி டேப் ஒட்டுவதை விட்டுவிடுங்கள். எலக்ட்ரிகல் கடையில் 'கனெக்டர்' என்று கேட்டால் ஒரு பிளாஸ்டிக் பட்டை தருவார்கள். வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு திருகு. வேண்டிய அளவுக்குக் கத்தியால் நறுக்கிக்கொள்ளலாம். ஒயரைத் துளைக்குள் விட்டுத் திருகினால் பிடித்துக்கொள்ளும். லேசாக இழுத்துப் பார்த்தால் இணைப்பு சரியா என்று விரலே சொல்லிவிடும். துளைகளை எண்ணிக்கொள்ளலாம் என்பதால் "மூன்றாவது துளை" என்று பேசிக்கொள்ளவும் முடிகிறது. பற்றவைப்பதும் பார்வையற்றோருக்கு முடியாதது அல்ல. அமெரிக்காவில் பில் கெரி என்ற பார்வையற்ற பொறியாளர், தொட்டுணர்ந்து பற்றவைக்கும் முறைகளையெல்லாம் 1980 முதல் ஓர் இதழாகவே வெளியிட்டு வந்தார். ஆனால் நடுநிலைப் பள்ளி வகுப்பறைக்குக் கனெக்டர் பட்டையே போதும்.

சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர் என்ற பேச்சு இங்கே உதவாது. காஞ்சிபுரம் பக்கம் தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். இருட்டிலும் அறுந்த இழையை விரலால் தேடி முடிச்சுப் போடத் தெரிந்த வீடுகள் அவை. ஒயரில் நேர்முனைக்கு ஒரு முடிச்சு, எதிர்முனைக்கு இரண்டு முடிச்சு என்று அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் யோசனை சொன்னார். அதையே வகுப்புக்குப் பொது விதியாக்கிவிட்டோம். எல்.இ.டி.யில் நேர்முனைக் கால் நீளமானது என்பது நமக்குத் தெரியும். கால்களை வெட்டிவிட்ட பிறகும் அடையாளம் இருக்கிறது: அதன் அடிவிளிம்பு ஒரு பக்கம் மட்டும் தட்டையாக இருக்கும், அது எதிர்முனை. நகத்தால் தடவினால் தெரியும். நிறப்பட்டை கொண்ட மின்தடைகளை மட்டும் தொட்டுப் பிரிக்க முடியாது. மதிப்பு வாரியாகத் தனித்தனி உறையில் போட்டு, உறையின் ஓரத்தில் வெட்டுக்குறி வைத்துவிடுவோம்.

மேசை ஒழுங்கு இன்னொன்று. பொருள்கள் உருண்டு போகாமல் இருக்க விளிம்புள்ள தட்டு வேண்டும். சத்துணவுத் தட்டு கைக்கு அருகில் இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். எவர்சில்வர் தட்டில் வெற்று ஒயர் பட்டால் அதுவே சுற்றை மூடி பேட்டரியைச் சூடாக்கிவிடும். பிளாஸ்டிக் தட்டு, அல்லது தட்டின் மேல் தடித்த துணி. இடமிருந்து வலமாகப் பேட்டரி, ஒயர், கனெக்டர், பஸ்ஸர் என்று நிலையான வரிசை. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்ற விதி குழுவில் உள்ள அத்தனை பேருக்கும்.

நம் பேச்சையும் மாற்ற வேண்டியிருக்கிறது. "இங்கே பாரு, இப்படி வச்சு, அதுல சொருகு" என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்த வாக்கியத்தில் கண்ணில்லாமல் புரிந்துகொள்ள ஒரு சொல்லும் இல்லை. "தட்டின் இடது ஓரத்தில் பேட்டரி இருக்கு. அதிலிருந்து ரெண்டு விரல் தள்ளி கனெக்டர்" என்று சொன்னால் பார்வையுள்ள பிள்ளைகளுக்கும் தெளிவாகிறது. செய்து காட்ட வேண்டுமானால் அவள் கையைப் பிடித்து இழுத்து வைக்காதீர்கள். கேட்டுவிட்டு, உங்கள் கைமேல் அவள் கையை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் விரல் என்ன செய்கிறது என்பதை அவள் தொடர்ந்து வருவாள், வேண்டாம் என்றால் கையை எடுத்துக்கொள்வாள்.

சுற்றுப் படத்துக்கு அட்டையில் பென்சிலால் வரைந்து, கோட்டின்மேல் ஃபெவிகால் தடவித் தடித்த நூலை ஒட்டிவிட்டால் காய்ந்ததும் தொட்டுப் படிக்கலாம். அவசரத்துக்கு, சைக்கிள் டியூபை வெட்டி விரித்து அதன்மேல் தாளை வைத்துத் தையற்கடையின் பல்சக்கரத்தால் அழுத்தி உருட்டினால் புள்ளிக்கோடு எழும். ஆனால் எழுவது தாளின் மறுபக்கத்தில். இடம் வலம் மாறிவிடும். எனவே கண்ணாடியில் தெரிவது போல் திருப்பி வரைய வேண்டும். மர அளவுகோலில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் இரும்பறுக்கும் பிளேடால் ஒரு கீறல், ஐந்துக்கு ஒன்று ஆழமாக. அவ்வளவுதான், அளவுகோல் தயார்.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள கணினியில் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் மென்பொருளை இலவசமாக நிறுவலாம், தமிழிலும் வாசிக்கும். நிரலாக்கம் கற்பிக்கும்போது ஸ்கிராட்ச் போன்று கட்டங்களை இழுத்துப் பொருத்தும் மொழியில் தொடங்குவதுதான் எளிது என்று நாம் நினைக்கிறோம். பார்வையற்ற மாணவருக்கு அது தலைகீழ்: மவுஸால் இழுப்பதைத் திரைவாசிப்பான் சொல்லாது. எழுத்தாகத் தட்டும் பைத்தான் அவருக்கு எளிது. பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி முக்கியமாயிற்றே என்று கேட்பீர்கள். என்.வி.டி.ஏ. அமைப்புகளில் வரித் தொடக்க இடைவெளியை அறிவிக்கும்படி செய்துவிட்டால், பேச்சாகவோ ஒலியின் ஏற்ற இறக்கமாகவோ அதைத் தெரிவிக்கும். முப்பரிமாண வடிவங்களைச் சொற்களாகத் தட்டியே வரையும் ஓப்பன்ஸ்கேட் என்ற இலவச மென்பொருளும் உண்டு; நீளம், அகலம், உயரம் எண்ணாகக் கொடுத்தால் பெட்டி வரும்.

கை ஒத்துழைக்காதபோது

மூளை முடக்குவாதம் உள்ள மாணவருக்குச் சிக்கல் வேறு. கண்ணும் காதும் அறிவும் தயார், விரல் மட்டும் சொன்னபடி கேட்காது. பொருளை அசையாமல் நிறுத்துவதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அட்டையின் கீழே ரப்பர் விரிப்பு, ஓரத்தில் ஒட்டுநாடா, தேவைப்பட்டால் மேசையோடு இறுக்கும் கிளாம்ப். பசைத் தூரிகை, ஸ்குரூ டிரைவர் இவற்றின் கைப்பிடியில் சைக்கிள் ஹேண்டில் உறையை மாட்டினால் பிடிமானம் கிடைக்கும்.

சுவிட்சை அவருக்கு ஏற்றபடி செய்துகொள்ளலாம். உள்ளங்கை அளவில் இரண்டு அட்டைகள், ஒவ்வொன்றின் உட்புறத்திலும் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாள், தாளோடு இணைத்த ஓர் ஒயர். இரண்டுக்கும் நடுவில் நடுவே ஓட்டை போட்ட பஞ்சு. முழங்கையால், முன்கையால், எதனால் அழுத்தினாலும் தாள்கள் தொட்டுச் சுற்று மூடும். விட்டால் பஞ்சு பிரித்துவிடும். செல்லில் ஓடும் எந்தப் பொம்மையையும் இதோடு இணைக்கலாம். ஒரு சிறு அட்டைத் துண்டின் இருபுறமும் ஒன்றையொன்று தொடாதபடி அலுமினியத் தாள் ஒட்டி, இரண்டிலிருந்தும் ஒயர் எடுத்து, பொம்மையின் செல்லுக்கும் அதன் தகட்டுக்கும் நடுவில் செருகுங்கள். சுற்று அங்கே அறுபட்டு, நம் சுவிட்சை அழுத்தும்போது மட்டும் மூடும். பொம்மையைப் பிரிக்கவே வேண்டாம். எந்த இடத்தில் வைத்தால் அழுத்த வசதி, பஞ்சு எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் அந்த மாணவர். நாலு தடவை மாற்றச் சொல்வார், மாற்ற வேண்டும்.

வெட்டுதல் போன்ற வேலைகளைப் பக்கத்தில் உள்ளவர் செய்யலாம், அதில் குற்றமில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் இரவல் கை மட்டுமே என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். "இங்கே வெட்டவா?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்து வெட்ட வேண்டும். பேச நேரம் எடுக்கும் பிள்ளையின் பதிலுக்காகக் காத்திருப்பது, ஒயர் இணைப்பதைவிடக் கடினமான பயிற்சி என்பதை எங்கள் மாணவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

சக்கர நாற்காலியில் ஒருவர் இருந்தால் தரையில் விரித்து உட்கார்ந்து செய்யும் செயல்பாட்டை அன்று எல்லோரும் மேசையில் செய்வோம். நாற்காலியின் கைப்பிடி மேசைக்கு அடியில் போகிறதா என்று முதலிலேயே அளந்து, போகாவிட்டால் மேசைக் கால்களின் கீழ் செங்கல் வைத்து ஆடாதபடி உயர்த்திக்கொள்ளலாம்.

செவித்திறன் குறைந்த மாணவர் வகுப்பில் இருந்தால், கையால் காட்டிக்கொண்டே பேசாதீர்கள். அவர் கையைப் பார்ப்பதா, உதட்டைப் பார்ப்பதா? காட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து பேசுங்கள். மின்சுற்று, மின்தடை போன்ற சொற்களுக்குப் படத்தோடு அட்டை வைத்து, வகுப்பே சேர்ந்து ஒரு சைகையை ஒப்புக்கொண்டால் போதும். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஓர் அட்டையில் ஒரு படி என்று புகைப்படமாகக் கொடுக்கலாம். பத்துப் பேருக்கும் ஒயர் நறுக்கிக் கொடுக்கும் வேலையை அதனிடம் தள்ளிவிடுவதைக் காட்டிலும், எளிதான ஒரு பொருளைத் தொடக்கம் முதல் இறுதிவரை அதுவே செய்து வீட்டுக்கு எடுத்துப்போவது மேல்.

வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளை முன்கூட்டியே கேட்டு, செய்முறைப் பாடவேளையை அந்த நாளுக்கு மாற்றிக்கொண்டால் பெரிய உதவி. அந்தப் பிள்ளையை வேறு அறைக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி தருவதற்குப் பதில், அதே மேசைக்கு அவரே வந்துவிடுவார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. கல்வி நிறுவனங்கள் ஒவ்வொருவரின் தேவைக்கேற்ப நியாயமான வசதி செய்துதர வேண்டும் என்கிறது அதன் 16ஆம் பிரிவு. கனெக்டர் பட்டையும் முடிச்சுப் போட்ட ஒயரும் அந்த வசதியில் சேர்ந்தவைதான்.

தண்ணீர் டிரம்

இந்த முறையில் எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருத்தி. என்ன செய்யலாம் என்று குழுவில் கேட்டபோது, தெருக்குழாயில் தண்ணீர் விடும் நேரத்தில் டிரம் நிரம்பி வழிவதும், அம்மா அடுப்பை விட்டு ஓடி வருவதும் தன் வீட்டில் தினமும் நடப்பதாகவும், நிரம்பினால் சொல்லும் கருவி வேண்டும் என்றும் சொன்னாள். பார்வையற்றோருக்கான கருவி எதையும் அவள் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

முதல் முயற்சியில் இரண்டு ஒயர் முனைகளைத் தண்ணீரில் விட்டு பஸ்ஸரோடு நேரடியாக இணைத்தார்கள். ஒலிக்கவில்லை. குழாய்த் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் மிகக் குறைவாக. பஸ்ஸருக்கு அது போதாது. அங்கேதான் டிரான்சிஸ்டர் எதற்கு என்ற கேள்வி வகுப்பில் தானாக எழுந்தது. பி.சி.547 என்ற டிரான்சிஸ்டருக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து வலமாகச் சேகரிப்பான், அடிவாய், உமிழ்ப்பான். கட்டைவிரலைத் தட்டைப் பக்கத்தில் வைத்து அவள் அதை ஒரே நாளில் பழகிவிட்டாள். நேர்முனையிலிருந்து ஓர் ஒயர் தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து இன்னொரு ஒயர் 1 கிலோ ஓம் மின்தடை வழியாக அடிவாய்க்கு, பஸ்ஸர் நேர்முனைக்கும் சேகரிப்பானுக்கும் நடுவில், உமிழ்ப்பான் எதிர்முனைக்கு. கனெக்டர் பட்டையில் அவளே திருகினாள். ஒலித்தது.

வாளியில் சரியாக ஒலித்தது, டிரம்மில் சரிப்படவில்லை. குழாய் நீர் விழும் வேகத்தில் அலையடித்து, நிரம்பும் முன்பே விட்டுவிட்டு ஒலித்தது. அது நிரம்பிய ஒலி இல்லை, தெறிக்கும் ஒலி என்று முதலில் சொன்னவள் அவள்தான். காதின் அதிசயம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் பக்கத்தில் இணைத்திருந்த எல்.இ.டி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒயர் முனைகளைச் சிறிய பி.வி.சி. குழாய்த் துண்டுக்குள் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, அந்தத் துண்டை டிரம் விளிம்பில் கட்டினார்கள். துண்டுக்குள் அலை அடங்கிவிட்டது. செப்பு முனைகள் சில நாளில் பச்சையாகிப்போயின. மின்சாரம் பாய்ந்தால் அப்படித்தான் ஆகும் என்று பேசினோம். முனைகளைத் தண்ணீர் கடைசியில் மட்டும் தொடும்படி உயர்த்திவைத்ததும் அதுவும் குறைந்தது.

இப்போது மிச்சம் இருப்பது ஒன்று. டிரம் வாசலில், அடுப்பு வீட்டின் பின்பக்கம். தாளிக்கும் சத்தத்தில் பஸ்ஸர் கேட்பதில்லை என்கிறார் அவள் அம்மா. ஒயரை நீட்டிப் பஸ்ஸரை அடுப்படிக்குக் கொண்டுபோவதா, சத்தம் அதிகமான வேறு பஸ்ஸர் வாங்குவதா என்று குழுவில் இரண்டு கட்சி. ஒயர் நீளத்தை அவள் வீட்டில் முழம் போட்டு அளந்து வந்திருக்கிறாள்: பதினெட்டு முழம். அடுத்த செய்முறைப் பாடவேளைக்கு அந்த நீளத்தில் ஒயர் வாங்கி வைத்திருக்கிறேன்.